சடைக்குள் ஒரு தேதி

ஜூலை 1, செவ்வாய்

இந்த நோட்டின் முன்பக்கம் சங்கரிக்கு. பின்பக்கம் எனக்கு.

முன்பக்கத்தில் அவளே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். மாத்திரை, பிரஷர், கை கால் பயிற்சி, தலைமுடி. தலைமுடிக்கு மட்டும் நாலு வரிசை. தினமும் சீவல். செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்த்துக் குளியல். ஞாயிறு பேன் பார்த்தல். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நுனி வெட்டல். நான் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்து, சாயங்காலம் ஆறு மணிக்கு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். சங்கரி சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்கு வந்தாலும் நர்ஸ்தான். அக்காவாக இருப்பது மிச்ச நேரத்தில்.

நான் யோகேஷ். வயது இருபது. இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தோடு நிறுத்தியாயிற்று. அதைப் பற்றி எழுத இந்த நோட்டைத் திறக்கவில்லை.

மே 20ஆம் தேதி அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை, வலது கால் அசையவில்லை. பள்ளிக்கூடச் சத்துணவில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்த கை. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. தண்ணீர் வேண்டுமென்றாலும் "இந்தா." ஃபேனை நிறுத்தச் சொன்னாலும் "இந்தா." என்னைத் திட்டினாலும் அதேதான், ஆனால் குரலை வைத்து அது திட்டு என்று தெரியும். பிரஷரால் வந்தது என்று டாக்டர் சொன்னார். பிரஷரால் மட்டும்தான்.

பக்கத்து வீட்டு மாரீஸ்வரி அத்தை காலையிலும் சாயங்காலமும் வந்து உடம்பு துடைத்து, துணி மாற்றிவிடுகிறார். சமையல், மாத்திரை, தலை மூன்றும் என் பொறுப்பு. அம்மாவுக்கு முடி முழங்காலைத் தொடும். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவுக்கு வழி சொல்பவர்கள் "நீள முடி சொர்ணம் வீட்டுக்கு அடுத்த சந்து" என்பார்கள். "அத அள்ளி முடிய என் இடுப்பு தாங்காதுப்பா, நீ இளந்தாரி, நீ பாரு" என்று அத்தை முதல் நாளே கைகழுவிவிட்டார்.

இன்றைய கட்டம் எல்லாம் டிக்.

ஜூலை 4, வெள்ளி

எண்ணெய்க் குளியல்: டிக். கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் கூடிவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

ஆறரைக்கு சங்கரி போன்.

"போட்டோ எங்கடா?"

"அனுப்புறேன். அக்கா, ஒரு சந்தேகம். தலை அழுக்கானா குளிப்பாட்டலாம். சிக்கு விழுந்தா சீவலாம். இதுக்கு எதுக்கு கிழமையும் கட்டமும்? முடி என்ன காலண்டர் பாத்தா அழுக்காகுது?"

"அம்மா ஆயுசு பூரா செவ்வாயும் வெள்ளியும் குளிச்சுச்சுல்ல?"

"அது பழக்கம்."

"கிழமை வச்சுச் செஞ்சாத்தான்டா பழக்கமாகும்."

"தேவைப்படுறப்ப செஞ்சாப் போதும்ங்கிறேன்."

"உனக்கு என்னைக்குடா தேவைப்பட்டிருக்கு? தின்ன தட்டக் கழுவத் தேவைப்பட்டுச்சா? பரீட்சைக்குப் படிக்கத் தேவைப்பட்டுச்சா? அதுக்குத்தான் கட்டம். டிக் அடிச்சு அனுப்பு."

வைத்துவிட்டாள். வாதத்தில் நான்தான் ஜெயித்தேன். டிக் அடித்து அனுப்பினேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை சங்கரி வீடியோவில் வருவாள். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அம்மாவின் முன்நெற்றியில் எண்ணெய் தொட்டு, வகிடெடுத்து, காதுவரை படிய வாரிவிடுவேன். போனில் பார்க்க நன்றாக இருக்கும். பின்னால் இருக்கும் கொண்டை, ஜூன் 4ஆம் தேதி சங்கரி சென்னைக்குக் கிளம்பும் அவசரத்தில் சுருட்டிக் கட்டியது. அது பாட்டுக்கு இருக்கிறது. நன்றாக இருப்பதை எதற்குக் கலைக்க வேண்டும்?

சீப்பு புதிது, பச்சை நிறம். அம்மாவின் மஞ்சள் சீப்பு பீரோவுக்கு மேலே கிடக்கிறது.

"அது நல்லாத்தானடா இருக்கு, எதுக்குப் புதுசு?" என்றார் அத்தை.

"கீழ விழுந்துருச்சு அத்தை."

"விழுந்தா கழுவுனா ஆச்சு."

பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. காளியம்மன் கோயில் குழாய் விடிகாலையிலிருந்து காதைக் கிழிக்கிறது.

அம்மா இன்று முழுக்க இடது கையைப் பின்தலைக்குக் கொண்டுபோய்க்கொண்டே "இந்தா, இந்தா" என்றாள். தலையணையை மாற்றினேன். மறுபடியும் "இந்தா." இரண்டாவது தலையணை வைத்தேன். அதை உருவி என்மேல் எறிந்தாள். இடது கைக்கு இவ்வளவு பலம் வந்துவிட்டதே என்று பயிற்சிக் கட்டத்தில் இரண்டு டிக் அடித்தேன்.

அத்தை வரும் நேரத்தில் அம்மாவின் தலையில் துண்டைச் சுற்றிவிடுகிறேன். "எண்ணெய் வச்சிருக்கேன் அத்தை, தலகாணியில ஒட்டிரும்" என்றால் அவர் அவிழ்ப்பதில்லை.

ஜூலை 25, வெள்ளி

கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் துண்டு தரையில் கிடந்தது. அத்தை கட்டிலை விட்டு இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

"ஆத்தாடி... யோகேசு, இங்கிட்டு வந்து பாருடா."

அம்மா ஒருக்களித்துக் கிடந்தாள். பின்னால் இருந்தது கொண்டையே இல்லை. பனங்காய் அளவுக்கு ஒரே கட்டி. பழைய கம்பளியை நனைத்துக் காயவைத்த மாதிரி. விரல் நுழைய இடமில்லை.

"தினமும் சீவுறியா இல்லையாடா?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். எனக்குத் தெரியும்.

"சீவுறேன் அத்தை."

அவர் நோட்டை எடுத்தார். முன்பக்கம்தான். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் விரலை நகர்த்திக்கொண்டே போனார். காலேஜில் என் ரெக்கார்டு நோட்டை ஒருத்தரும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"ஒரு நாள் தப்பல. தினமும் சீவல். வாரம் ரெண்டு எண்ணெ. இப்படிச் சீவுன தலையில, ஆடி வெள்ளியில சடை விழுந்திருக்குன்னா..." முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, கட்டிலுக்கு முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டார். "தாயே, எங்க மதினி மேலயா எறங்கியிருக்க!"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பால் பாக்கெட்டைப் பார்த்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

பூசாரி வந்தார். எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சுற்றி வைத்தார். சடைக்கு மஞ்சள், குங்குமம், வேப்பிலை. கடைசி ஆடி வெள்ளி, ஆகஸ்ட் 15 வரைக்கும் சீப்பு, தண்ணீர், கத்தரி எதுவும் படக்கூடாது. அன்றைக்கு அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் உட்கார வைத்து, தெருவுக்கே கூழ் ஊற்ற வேண்டும்.

"தினமும் சீவுன தலைன்னு கேள்விப்பட்டேன்" என்றார் பூசாரி. அத்தை நோட்டை நீட்டினார். அவரும் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

வீடியோவில் சங்கரி.

"டேய், உண்மையச் சொல்லு. சீவுனியா?"

"போட்டோதான் தினமும் வருதுல்ல."

"சரி, கத்தரிய எடுத்து வெட்டு."

அத்தை போனைப் பிடுங்கினார். "ஏத்தா, நர்சுக்குப் படிச்சா எல்லாம் தெரிஞ்சிருமா? மேலத்தெருவுல இப்படித்தான் வெட்டுனாங்க. மூணாம் நாள் அந்தப் பிள்ளைக்கு வாய் கோணிருச்சு. உங்க அம்மாவுக்கு மிச்சமிருக்கிற கையும் போகணுமா?"

சங்கரி கத்தரிப் பேச்சை விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருப்பவள்தான், ஆனால் இந்தத் தெருவில் வளர்ந்தவள். கடைசியில், "நான் பதினாலாந்தேதி லீவுல வர்றேன். அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் செய்யாதீங்க" என்றாள்.

அவளும் பயப்படுகிறாள் என்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கூட்டம். வாசலில் முப்பது ஜோடி செருப்பு. புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், சுண்டல் எல்லாம் வருகிறது. ஒரு வாரமாக நான் அடுப்பே பற்ற வைக்கவில்லை. பால்காரர் என்னை "டேய் காலேஜு" என்றுதான் கூப்பிடுவார், நின்றுபோனதற்காக. இன்று "தம்பி, அம்மாகிட்ட எங்க வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்கிறார்.

ஒரு பெண் தன் மகளைக் கூட்டிவந்து, "இவளுக்கு இந்த வருசமாச்சும் பிள்ளை தங்குமா தாயே?" என்று கேட்டாள். அம்மா அந்த மகளையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் ஈரம். "அம்மனே அழுகுறாடி, உனக்கு எரங்கிட்டா" என்று இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

சீவல் கட்டத்தில் இப்போது பெருக்கல் குறி போடுகிறேன், பூசாரி உத்தரவுப்படி. இரண்டு மாதத்தில் அந்த வரிசையில் வந்த முதல் உண்மை அது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒரு வாடை வருகிறது. வேப்பிலை அழுகிய வாடை என்று நினைத்தேன். எல்லா வேப்பிலையையும் எடுத்துப் போட்டேன். வாடை போகவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தலையணை உறையில் மஞ்சளாக நீர். நடுவில் ரத்தம்.

வந்தவர்களில் ஒருத்தி "குங்குமம் கசியுது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர்கள் போனபிறகு அம்மா அழுதாள். சத்தமே இல்லை. இடது கையைப் பின்னால் கொண்டுபோக முயன்று, பாதியில் நிறுத்தி, கையை என் பக்கம் நீட்டினாள். "இந்தா."

அவள் தலையணை கேட்கவில்லை. ஜூலை 17ஆம் தேதியே எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் அத்தை மஞ்சள் கிண்ணத்தோடு வந்தார். வாசலிலேயே மறித்தேன்.

"அத்தை, நான் சீவல."

"என்னது?"

"ஒரு நாளும் சீவல. குளிப்பாட்டல. டிக் மட்டும் அடிச்சேன். அது சடை இல்ல அத்தை, வெறும் சிக்கு. உள்ள புண்ணு வந்துருச்சு."

அவர் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "பயந்துட்ட. வீட்டுல சாமி எறங்குனா முதல்ல இப்படித்தான் இருக்கும். திருநீறு பூசிக்க."

"சத்தியமா அத்தை."

"ஏண்டா, தினம் ரெண்டு வேளை வந்துபோறேன். நீ சீவலேன்னா என் கண்ணுக்குத் தெரியாமலா போயிருக்கும்?"

அப்போதுதான் உறைத்தது. நான் பொய் சொன்னேன் என்று ஆகிவிட்டால், அவர் பார்க்கவில்லை என்றும் ஆகிவிடும். அதற்கு அவர் எப்படி ஒத்துக்கொள்வார்?

தேங்காய் எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"தொடாதடா! கை வெளங்காமப் போயிரும்!"

டப்பாவில் பாதியைக் கட்டியின் மேல் ஊற்றினேன். விரல் போகவில்லை. கோணி ஊசியின் மழுங்கிய பக்கத்தைவிட்டு ஒரு இழை, இன்னொரு இழை என்று இழுத்தேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள், ஆனால் கையைத் தட்டிவிடவில்லை. அத்தை நிலைப்படியில் உட்கார்ந்து காளியம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எழுந்து போகவும் இல்லை, கிட்ட வரவும் இல்லை.

இரண்டு மணி நேரம் இருக்கும். கட்டியின் அடியில் வெள்ளையாக ஏதோ தட்டுப்பட்டது. எண்ணெய் விட்டு விட்டு உருவினேன். இரண்டு விரல் நீளத்துக்கு பிளாஸ்திரி. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்டு, அதைக் காதோரமாகக் கொண்டுபோய் ஒட்டியிருந்தார்களே, அது. மேலே நீல பேனாவில் நர்ஸ் எழுதியது மங்கலாகத் தெரிந்தது: 28/5.

எழுந்துபோய் அத்தையின் உள்ளங்கையில் வைத்தேன்.

"என்னடா இது?"

"மூக்குக் குழாய்க்கு ஒட்டுனது. தேதி போட்டிருக்கு பாருங்க."

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபத்தெட்டு, அஞ்சு என்று வாய்க்குள் படித்தார். மெதுவாக, "அம்மனுக்கு எதுக்குடா ஆஸ்பத்திரி பிளாஸ்திரி?" என்றார்.

பிறகு என் முதுகில் அடித்தார். ஒன்று, இரண்டு, நன்றாகக் கைவீசி. மூன்றாவது அடி பாதியில் நின்றுவிட்டது. ஓடிப்போய் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டார். "மதினி, புண்ணு மேல மஞ்சளக் கொட்டிக் கும்பிட்டேனே. ரெண்டு வேளை வந்தேனே, ஒரு வேளை அந்தத் துண்ட அவுத்துப் பாத்திருக்கக் கூடாதா நான்?"

அம்மா இடது கையால் அவர் தலையைத் தட்டிக்கொடுத்தாள்.

அத்தை மூக்கைச் சிந்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்த எண்ணெயக் கொண்டா இங்கிட்டு. நீ இழுக்குற இழுப்புல தோலும் வந்துரும்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மருந்துக் கட்டுப் போட ஒரு நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். புண் ஒரு நெல்லிக்காய் அளவு. ஆறிவிடும், காற்றுப் படட்டும், ஈரம் வைக்காதீர்கள் என்றார்.

சங்கரிக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டிக், துண்டு, வீடியோவுக்கு முன்னால் வாரிய வகிடு, எல்லாம். திட்டுவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன்.

"பிளாஸ்திரிய நான்தான் எடுத்திருக்கணும்" என்றாள். "நானும் பாக்காமத்தான் கொண்டை போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு."



பூசாரியிடம் யார் சொல்வது என்று கேட்டேன். "நான் சொல்லிக்கிறேன். சடை பிரிஞ்சிருச்சுன்னு சொல்றேன்" என்றார் அத்தை.

"அது பொய்யில்லையா அத்தை?"

"ஏன், பிரியத்தானடா செய்யுது? கூழு நான் ஊத்துறேன். சாமிக்குச் சொன்னத மாத்தக் கூடாது."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கட்டி இப்போது எலுமிச்சம்பழ அளவு. புண்ணைச் சுற்றி இருக்கும் முடியை மட்டும் வெட்டியே ஆக வேண்டும். "வெட்டவாம்மா?" என்று கேட்டேன். இத்தனை நாளில் அவள் தலையைப் பற்றி அவளிடமே கேட்டது இதுதான் முதல்முறை. கண்ணை அழுத்தி மூடித் திறந்தாள். சரி என்று அர்த்தம். வெட்டினேன். யாருக்கும் வாய் கோணவில்லை. என் கையும் விளங்காமல் போகவில்லை.

மிச்சத்துக்குப் பச்சைச் சீப்பு உதவவில்லை, பல் நெருக்கம். பீரோ மேலிருந்து மஞ்சள் சீப்பை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அம்மா முகம் மாறியது. இதற்குமேல் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மே 20. அன்றும் செவ்வாய்தான். அம்மா தலைக்குக் குளித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, இந்தச் சீப்பால் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். "இனிமே காலேஜுக்குப் போக மாட்டேன்மா. பிப்ரவரியிலேயே நின்னுட்டேன். சும்மாதான் பஸ் ஏறிப் போயிட்டு வந்தேன்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சீப்பு கீழே விழுந்தது. கோபத்தில் எறிகிறாள் என்று நினைத்தேன். "சீப்பத் தூக்கி எறிஞ்சா ஆச்சா?" என்று கத்திவிட்டு வெளியே போனேன். ஒரு மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் எறியவில்லை. கை விட்டுவிட்டது.

அந்தத் தலையில் சீப்பு வைக்க ஒவ்வொரு நாளும் போவேன். ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தம் கேட்கும். டிக் அடித்துவிட்டு வந்துவிடுவேன்.

இதை இன்று அம்மாவிடம் வாய்விட்டுச் சொன்னேன், சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே. முழுக்கக் கேட்டாள். "இந்தா" என்றாள். எப்போதும் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன். இன்று முடியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

விடிந்ததும் சங்கரி வந்து இறங்கினாள். அம்மாவின் தலையை ஜன்னலோரம் திருப்பிப் பார்த்தாள். புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறது. முடி இடுப்புவரைதான் மிச்சம். கொட்டியதையும் வெட்டியதையும் அத்தை பழைய தலையணை உறையில் கட்டி வைத்திருக்கிறார், எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

பையை இறக்கியதும் நோட்டைத்தான் கேட்டாள்.

"ஒம்பதாந்தேதிக்கு அப்புறம் கட்டம் எல்லாம் காலியா இருக்கு?"

"பக்கத்துல எழுதியிருக்கேன் பாரு."

படித்தாள். 'வலது காதுக்குப் பின்னால் காய்ந்திருக்கிறது, எண்ணெய் தொட்டேன்.' 'நல்ல வெயில், வேர்த்திருக்கிறது, துணி நனைத்துத் துடைத்தேன்.' 'வலித்து முகம் சுளித்தாள், விட்டுவிட்டேன்.'

"அப்ப நீ சொன்ன மாதிரி தேவைக்குத்தான் செய்யுற."

"தேவைக்குன்னா தினமும் விரலைவிட்டுப் பாக்கணும்க்கா. இதுக்கு உன் கட்டமே பரவாயில்ல."

சிரித்துவிட்டாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

பதினோரு மணிக்குக் கடைசிச் சிக்கு விட்டது. அம்மாவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, மஞ்சள் சீப்பை உச்சியில் வைத்து இழுத்தேன். நுனிவரை ஒரே ஓட்டம். எங்கும் நிற்கவில்லை. நானும் சங்கரியும் அத்தையும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எண்ணெய்க் கிண்ணம் அம்மாவின் இடது பக்கம் இருந்தது. "இந்தா" என்று அதைக் காட்டினாள். எடுத்துக் கீழே வைக்கச் சொல்கிறாள் என்று குனிந்தேன். அவள் உள்ளங்கையைக் கிண்ணத்துக்குள் முக்கினாள். பாதி எண்ணெய் போர்வையில் போயிற்று. மிச்சத்தோடு அந்தக் கை என் உச்சந்தலையில் வந்து விழுந்தது.

எனக்கு எண்ணெய் வைக்கும் நாள் சனிக்கிழமை. பத்தாம் வகுப்புவரை. ஒரு சனிக்கிழமை நண்பர்கள் வாசலில் நின்றபோது, "விடும்மா, பிசுபிசுன்னு" என்று அவள் கையைத் தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. என் தலை எத்தனை நாளாகக் காய்ந்து கிடந்தது என்று எனக்கே தெரியாது. கட்டிலில் படுத்தபடி அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"இன்னைக்கு வியாழக்கிழமைம்மா" என்றாள் சங்கரி.

அம்மா நிறுத்தவில்லை. நானும் தலையை எடுக்கவில்லை.